ஏ35 வீதியோரத்து ஒரு கொமினிகேசன் கடை: பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மதிப்பீடு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியில், தர்மபுரத்தைத் தாண்டி விசுவமடுவை நோக்கிப் போகும்போது, வேப்பமர நிழலில் ஒரு தகரக் கூரைக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் ‘கொமினி’ என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே மிச்சம். எஞ்சியவற்றை வெயில் தின்றுவிட்டது. போட்டோக் கொப்பி, லமினேற்றிங், ரீலோட், பாடசாலைப் பிள்ளைகளுக்கான அச்சுப்படிகள் என்று எல்லாக் கொமினிகேசன் கடைகளும் செய்கின்றவற்றையே இதுவும் செய்கிறது. அவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கொப்பி தெளிவாக விழும், அவ்வளவுதான். நான் இங்கே மதிப்பிட விரும்புவது அந்தக் கடையின் பலகைத் தடுப்புக்குப் பின்னால் நடக்கும் வேறொரு சேவையை. வெளிநாட்டில் வேலை செய்கின்றவர்களுடைய ஆவணங்களைத் திரட்டி, படிவங்களை நிரப்பி, உரிய இடத்துக்கு அனுப்பி, பிரதிகளைப் பாதுகாத்துக் கொடுக்கும் அந்தச் சேவைக்கு நான் 2020 ஏப்ரல் மாதம் முதல் வாடிக்கையாளன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டின் பொருளாதாரம் சரிந்த 2022 ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு சென்றார்கள். எங்கள் ஊரிலும் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் கடவுச்சீட்டு எடுக்கிறார்கள். எந்த நாட்டில் சம்பளம் கூட, எந்த முகவர் காசு குறைய எடுப்பார் என்றெல்லாம் விசாரிக்கின்றவர்கள், கொரோனாக் காலம் போன்ற ஒன்று திரும்பவும் வந்து விமான நிலையம் பூட்டப்பட்டால், காய்ச்சலோடும் கையில் காசில்லாமலும் அங்கே அகப்பட்டவருக்கு யார் உதவுவார் என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.

என் தங்கை 2017 இல் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத் சென்றாள். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகக் காசு வந்தது. அதன் பின்னர் சம்பளம் நின்றது. ஏழு மாதம் பொறுத்திருந்துவிட்டு, 2019 இன் இறுதியில் அந்த வீட்டை விட்டு வெளியேறினாள். முதலாளியின் வீட்டை விட்டு வெளியேறி விசா இல்லாமல் வேலை செய்கின்றவர்களை அங்கேயுள்ள எங்கள் ஆட்கள் ‘கல்லிவல்லி’ என்பார்கள். அவள் ஜிலீப் அல் சுயூக் என்ற பகுதியில், ஓர் அறையில் ஒன்பது பெண்களில் ஒருத்தியாகத் தங்கி, மணித்தியாலக் கூலிக்கு வீடுகள் துப்புரவாக்கினாள். 2020 மார்ச்சில் இங்கே விமான நிலையம் பூட்டப்பட்டது. 20 ஆம் திகதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் தொடக்கத்தில் குவைத் அரசாங்கம் ஜிலீப்பையும் மஹ்பூலாவையும் முற்றாக அடைத்தது. வெளியே போனால்தான் அன்றைய கூலி என்ற நிலையில் இருந்த அந்த ஒன்பது பேரும் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். தங்கைக்குச் சிறு வயது முதல் தொய்வு நோய் (ஆஸ்துமா). இழுக்கின்ற மருந்து முடியப்போகிறது, வைத்தியசாலைக்குப் போனால் பிடித்துவிடுவார்கள் என்று ஒரு நாள் இரவு இமோவில் அழுதாள்.

அவளை அனுப்பிய முகவர் நிலையத்துக்கு மறுநாள் காலையிலிருந்து அழைத்தேன். அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மூன்று இலக்கங்கள் தந்திருந்தார்கள். இரண்டு வேலை செய்யவில்லை, மூன்றாவதில் ஓர் இளைஞர் எடுத்து, ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார். அவளுக்கு நோய் என்று சொன்னேன். அதற்கும் அதே பதில். ஊரடங்கு தளர்த்தப்பட்ட ஒரு நாள், அரிசியும் பருப்பும் வாங்கப் போன இடத்தில், பாதிக் கதவு திறந்திருந்த இந்தக் கடையைக் கண்டு நுழைந்தேன்.

கடையை நடத்துபவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். ஜோர்தானில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகள் தைத்துவிட்டு வந்தவர். அங்கே பொறுக்கிய அரபுச் சொற்களும், படிவங்களோடு பட்ட அனுபவமும்தான் அவருடைய முதலீடு. நான் முழுக் கதையையும் சொல்லத் தொடங்க, அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “அண்ணை, கதை பிறகு. முதல்ல பாஸ்போட் கொப்பி இருக்கோ? கிளினிக் கொப்பி இருக்கோ?” என்றார்.

இந்தச் சேவையின் தரத்தை அந்த இரண்டு கேள்விகளிலேயே காணலாம். மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். இவர் கிளினிக் கொப்பி கேட்டார். தங்கை வெளிநாடு போக முன்னர் மாதாந்தம் மருந்தெடுத்த அந்தப் பழைய கொப்பி, அம்மாவின் அலுமாரியில் சீலைகளுக்கடியில் கிடந்தது. அதிலிருந்த மருந்தின் பெயர், அளவு, எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறாள் என்ற விபரம், அவளுடைய பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து, கீழே “எனக்குத் தொய்வு நோய் உள்ளது, மூச்சு முட்டுகிறது, இந்த மருந்து வேண்டும்” என்ற மூன்று வரிகளை அரபியிலும் சேர்த்து, படமாக்கித் தங்கையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினார். பாஷை தெரியாத, பயந்துபோன ஒரு பெண் மருந்தகத்தின் முன்னால் நின்று வாய் திறக்காமல் தொலைபேசித் திரையை நீட்டினால் போதும். அறைத்தோழி ஒருத்தி அந்தப் படத்தைக் காட்டித்தான் மருந்து வாங்கி வந்தாள். இதற்கு என்னிடம் எடுத்த தொகை 150 ரூபாய்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லத்தான் வேண்டும். புலம்பெயர் தொழிலாளர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் ஆகியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் ஐக்கிய நாடுகள் சமவாயம் 1990 டிசம்பரில் நிறைவேற்றப்பட்டது. இலங்கை 1996 இல் அதில் இணைந்துகொண்டது. உயிரைக் காப்பதற்கு அவசரமாகத் தேவைப்படும் மருத்துவத்தை, ஒருவருடைய தங்கியிருப்போ வேலையோ சட்டமுறையற்றது என்ற காரணத்தைக் காட்டி மறுக்கக்கூடாது என்று அதன் 28 ஆவது உறுப்புரை சொல்கிறது. எங்கள் பெண்கள் போய் வேலை செய்யும் வளைகுடா நாடுகளில் ஒன்றுகூட அந்தச் சமவாயத்தில் இணையவில்லை. ஆட்களை அனுப்பும் நாடு இணைந்திருக்கிறது, வேலை வாங்கும் நாடு இணையவில்லை. ஒருவருக்கு மட்டும் கட்டுப்படும் கடன்பத்திரம் போன்ற நிலை. சட்டம் ஒருபுறமிருக்க, கல்லிவல்லியாக இருக்கும் ஒருத்தியை வைத்தியசாலை வாசலில் மறிப்பது அவளுடைய பயமே. மருந்து கொடுக்கும் கைக்கும் ஆளைப் பிடிக்கும் கைக்கும் தொடர்பில்லை என்று அவள் நம்பினால்தான் காய்ச்சலோடு வெளியே வருவாள். வராவிட்டால் தொற்று அந்த அறையின் ஒன்பது பேருக்கும் பரவும், அவர்கள் துப்புரவு செய்யும் வீடுகளுக்கும் பரவும். சிங்கப்பூரிலும் இதைத்தான் உலகம் பார்த்தது. நகரம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எண்ணியிருந்த வேளையில், 2020 ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகளுக்குள் தொற்று காட்டுத்தீயாகப் பரவியது.

அதே ஏப்ரலில் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்தது. விசா இல்லாதவர்கள் தண்டப்பணம் கட்டாமல் நாடு திரும்பலாம், விமானச் செலவும் அந்த அரசாங்கத்தினுடையது என்ற செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் பொங்கல் வைக்காத குறை. கடைக்காரப் பெண் மட்டும் மகிழவில்லை. “சம்பளக் கணக்கை என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டார். அவள் உயிரோடு வந்தால் போதும் என்றேன். “ஏறுறதுக்கு முதல் எழுதி வைக்க வேணும் அண்ணை. இறங்கினாப் பிறகு எழுதினால் கதை எண்டு சொல்லுவினம்” என்றார் அவர்.

அடுத்த நான்கு மாலைகள் அந்தக் கடையின் பின்னறையில் கழிந்தன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான்; பற்றுச்சீட்டு இல்லாத எதையும் நம்பாதவன் என்று வீட்டில் பெயர். ஆனால் தங்கையின் உழைப்புக்கு ஒரு பற்றுச்சீட்டும் வைத்திருக்கவில்லை என்பதை அந்த மேசையில் அமர்ந்தபோதுதான் உணர்ந்தேன். அவர் ஒன்றொன்றாகத் தேடவைத்தார். வங்கிக்குப் பணம் வந்த மாதங்களும் வராத மாதங்களும் வங்கிப் புத்தகத்திலிருந்து அட்டவணையாயின. சம்பளத்தைப் பின்னர் தருவதாக வீட்டு எசமானி அனுப்பிய குரற்பதிவுகள் தங்கையின் தொலைபேசியிலிருந்து வந்தன. அவற்றைத் திகதியோடு எழுத்தாக்கினார். குவைத்தின் 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் சட்டத்தைப் பற்றி நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அவரிடந்தான்: நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும், பணியாளரின் கடவுச்சீட்டை எசமானர் பிடித்து வைத்திருக்கக்கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று 2016 இல் அங்கே நிர்ணயித்திருந்தார்கள். தங்கையிடம் இவற்றைச் சொன்னபோது, “அப்பிடியொரு சட்டம் இருக்கெண்டு அங்க ஒருத்தரும் சொல்லேல்லை” என்றாள். முகவர் நிலையம் எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய ஒப்பந்தத்தில் இருந்த சம்பளத் தொகையும், அவள் கொழும்பில் கையொப்பமிட்ட அரபுப் பத்திரத்தில் இருந்த தொகையும் வேறுவேறு என்பதும் அந்தப் பின்னறையில்தான் வெளிப்பட்டது.

முறைப்பாட்டைத் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அது சென்ற திகதியும் நேரமும் தெரியும்படி அச்சிட்டுக் கோப்பில் வைத்தார். வெளிநாட்டு அமைச்சு 2020 மார்ச் இறுதியில் தொடங்கியிருந்த ‘கொன்டாக்ட் ஸ்ரீலங்கா’ இணையத்தளத்தில் தங்கையின் விபரங்களைப் பதிவுசெய்தார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கம் எனக்கு மனப்பாடமானதும் அப்போதுதான். ஆசியாவின் புலம்பெயர் தொழிலாளர் அமைப்புகள், பெருந்தொற்றைச் சாட்டாக வைத்துக் கொடுக்காமல் விடப்பட்ட கூலிக்காக, ‘கூலித் திருட்டு’ என்ற பெயரிலேயே 2020 ஜூன் 1 ஆம் திகதி ஓர் இயக்கத்தைத் தொடங்கியதைப் பின்னர் வாசித்தபோது, அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எங்கள் கோப்பில் இருப்பதை உணர்ந்தேன். இலட்சக்கணக்கானோர் அவசரமாக விமானங்களில் ஏற்றப்பட்ட அந்த மாதங்களில், யாருடைய கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

தங்கை மே மாதம் வந்து சேர்ந்தாள். குவைத்திலிருந்து வந்தவர்களிடையே தொற்று அதிகமாகக் காணப்பட்ட காலம் அது. ஊரில் ‘குவைத்’ என்ற சொல்லே நோயின் பெயர்போல ஒலித்தது. படையினர் நடத்திய ஒரு தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். வன்னியிலும் பம்பைமடு, கேப்பாப்புலவு, இரணைமடு, முழங்காவில் என்று அப்படியான நிலையங்கள் இருந்தன. கேப்பாப்புலவுச் சனம் படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017 முதல் வீதியில் இருந்தவர்கள் என்பதை எண்ணிக்கொள்பவர்களுக்கு அந்தப் பெயர்ப்பட்டியல் வேறு விதமாகத்தான் ஒலிக்கும். 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த மனிக் பாம் முகாமுக்குள் ஒரு வருடம் இருந்தவள் என் தங்கை. “சாப்பாடு நேரத்துக்குத் தந்தவை, மரியாதையாத்தான் கதைச்சவை. ஆனா கம்பி கம்பிதான் அண்ணா” என்று பின்னர் சொன்னாள். தொற்றைத் தடுக்கத் தனிமைப்படுத்தல் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எத்தனை நாள், எதற்காக, பரிசோதனை முடிவு என்ன என்பதை உள்ளே இருப்பவரின் மொழியில் எழுதிக் கொடுப்பதும் அந்தச் சுகாதாரப் பணியின் ஒரு பகுதிதான் என்பதே என் எண்ணம்.

அங்கிருந்து விடுவிக்கப்பட்ட பின்னரும் வீட்டில் பதினான்கு நாட்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வாசலில் அறிவித்தல் ஒட்டினார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வழமையாகக் கடன் தரும் பலசரக்குக் கடைக்காரர் எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கண்டதும் கதவைச் சாத்தினார். கொமினிகேசன் பெண் தங்கையின் விடுவிப்புச் சான்றிதழை லமினேற் செய்து, மூன்று கொப்பி எடுத்துத் தந்தார். ஒன்றைப் பலசரக்குக் கடையில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பலசரக்குக் கடைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, நாணயத்தாள் பார்ப்பதுபோல் பார்த்தார். மறுநாள் மா தந்தார்.

இனிக் குறைகள். அவை சிறியவை என்று சொல்லமாட்டேன்.

முதலாவது, அந்தக் கணினி. அதன் முகப்பிலேயே வாடிக்கையாளர்களின் பெயர்களில் கோவைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, மருத்துவக் குறிப்பு. ரீலோட் போட வந்த பையன் அதே கணினியில் பாட்டு இறக்கிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன். ஒரு பெண்ணுக்கு என்ன நோய், யாரிடமிருந்து ஓடினாள், எவ்வளவு காசு அனுப்பினாள் என்பதெல்லாம் ஊரின் வாய்க்கு எட்டும் தூரத்தில் கிடப்பது பெரிய ஆபத்து. சொன்னேன். அடுத்த முறை போனபோது கடவுச்சொல் போட்டிருந்தார். அந்தச் சொல்லை ஒரு துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியும் இருந்தார். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னர் அதன் தமிழ்ப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது ஆவண வேலைக்கென்று தனியாக ஒரு பழைய மடிகணினி வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் கோவையை உங்கள் முன்னிலையில் அழிக்கச் சொல்லுங்கள். கேட்டால் அழிப்பார், கேட்காவிட்டால் மறந்துவிடுவார்.

இரண்டாவது, இட நெருக்கடி. 2021 இல் தடுப்பூசிச் சான்றிதழ் எடுப்பதற்காக வெளிநாடு செல்வோர் குவிந்த நாட்களில், காற்றோட்டமில்லாத அந்தப் பின்னறையில் பத்துப்பேர் தோளோடு தோள் நின்றார்கள். தூசி வரும் என்று யன்னலும் பூட்டு. வீதியோரத்தில் வாளியும் சவர்க்காரமும் வைத்துவிட்டு உள்ளே இப்படி அடைப்பது கணக்குச் சரியில்லாத வேலை. வேப்பமரத்தடியில் நான்கு கதிரை போட்டிருக்கலாம். பிற்பாடு போட்டார்.

மூன்றாவது, விலைப்பட்டியல் இல்லை. படிவம் ஒன்றுக்கு அந்நாளில் என்னிடம் 200 ரூபாய் எடுத்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்றும் எடுக்கவில்லை, சுவிசிலிருந்து காசு வரும் இன்னொருவரிடம் 500 எடுத்தார். அவருடைய நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கணக்கெழுதியவனுக்கு அது உறுத்துகிறது. பற்றுச்சீட்டும் கேட்டால்தான் கிடைக்கும்.

வேகத்தைப் பற்றிக் குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு படிவத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுப்பார். பெயரை மூன்று முறை எழுத்தெழுத்தாகச் சொல்லவைப்பார். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி என்று எங்கள் பெயர்கள் ஆங்கிலத்தில் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஓர் எழுத்து மாறினால் காப்புறுதிக் கோரிக்கை திரும்பி வந்துவிடும். இதில் நான் அவர் பக்கம்.

உள்நாட்டில் ஊர்விட்டு ஊர் போய் உழைப்பவர்களையும் அவர் ஒதுக்குவதில்லை. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனாத் தொற்றுக் கொத்தணி ஏற்பட்டபோது, தெற்கின் தொழிற்சாலைகளில் தைக்கப் போயிருந்த எங்கள் பிள்ளைகள் விடுதி அறைகளில் அகப்பட்டார்கள். பலருக்குச் சிங்களமும் சரியாக வராது. அவர்களின் பெற்றோருக்காகப் பிரதேச செயலகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடல் கடக்காவிட்டாலும் அவர்களும் புலம்பெயர் தொழிலாளர்களே.

தங்கையின் ஏழு மாதச் சம்பளம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. அந்த எசமானர் வீட்டார் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டார்கள். முறைப்பாட்டு இலக்கம் இருக்கிறது, கோப்பு இருக்கிறது. ஆகவே இந்தச் சேவை உங்கள் கூலியை மீட்டுத் தரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அவரும் சொல்வதில்லை. முகவர் நிலையம் எங்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளோடு ஒப்பிடும்போது, அந்த ஒன்றுக்காகவே அவருக்கு ஐந்துக்கு நான்கு புள்ளிகள் கொடுப்பேன். குறைத்த ஒரு புள்ளி திரையில் ஒட்டிய கடவுச்சொல்லுக்கானது.

போகின்றவர்கள் கவனிக்க: செவ்வாய், வெள்ளி பின்னேரங்களில் மட்டுமே பின்னறை திறந்திருக்கும். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், பணியகப் பதிவுப் பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பயணத்துக்குப் பிறகு போவதைவிட முன்னர் போவதே நல்லது. பதிவு இல்லாமல் போனவருக்குக் காப்புறுதியும் இல்லை. மின்சாரம் நின்றால் காத்திருக்க வேண்டும்.

போன மாதம் தங்கை திரும்பவும் போகப்போவதாகச் சொன்னாள். இந்த முறை ஓமானுக்கு. வீட்டில் சண்டை நடந்தது, அதை விடுவோம். மறுநாள் அவள் முகவரிடம் போகவில்லை. பழைய கோப்பைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடைக்குப் போனாள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தன் பயணப் பையில் வைத்தாள். மற்றதை என்னிடம் தந்து, அம்மாவின் சீலைகளுக்கடியில் வைக்காமல் என் மேசை இலாச்சியில் வைக்கச் சொன்னாள்.